சைலாப்புக்கு வந்த துபாஷி

மலர்க் குழுவினர் "நம்ம துறையைப் பத்தி ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். கோயில் வரலாற்றையும் ஹாஸ்டல் கதைகளையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் லேப் சமாச்சாரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. 1970-களின் இறுதியில் கிளீவ் மோலர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலேயே லின்பேக், ஐஸ்பேக் நூலகங்களைப் பயன்படுத்தட்டும் என்று மேட்லாப்பை உருவாக்கினார். ஆக, அந்த மொழி பிறந்ததே அடுத்தவர் எழுதி வைத்ததைக் கூப்பிடத்தான்!

மேட்லாப் பிறகு விலைச்சரக்கு ஆயிற்று. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தார் அதே பாணியில் சைலாப்பை உருவாக்கி 1994-இல் வெளியிட்டார்கள். 2008-இல் வந்த 5-ஆம் பதிப்பு கட்டற்ற மென்பொருள். லைசென்ஸ் விலையைக் கேட்டே எழுந்து வந்துவிடும் நம்மைப் போன்ற ஊர்க் கல்லூரிகளுக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் கருவிப்பெட்டிகள் போதவில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தினர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கவில்லை. உகப்பாக்கத்துக்கு ஐபாப்ட், சிம்ஃபனி, படங்களுக்கு ஓப்பன்சிவி என்று சி, சி++ மொழிகளில் ஏற்கெனவே இருந்த நூலகங்களைச் சைலாப்போடு இணைத்தார்கள். நடுவில் நிற்பது 'கேட்வே' என்னும் சிறு நிரல். அந்தக் காலத்துத் துபாஷி மாதிரி, சைலாப்பின் அணியை வாங்கி, சி-க்குப் புரியும் முகவரியாகக் கொடுத்து, விடையைத் திருப்பிக் கொண்டுவரும். சிறு வேலை என்றால் 'லிங்க்', 'கால்' என்ற இரண்டு கட்டளைகளே போதும்.

துபாஷி தவறினால்தான் வினை. எண்ணின் வகையை மாற்றிச் சொன்னால் குப்பை விடை வரும். முகவரி தவறினால் சைலாப்பே சாய்ந்துவிடும். அதைவிட மோசம், சத்தமில்லாத தப்பு. சைலாப், ஃபோர்ட்ரான் வழக்கப்படி, அணியை நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கும். சி கிடைவரிசையாகப் படிக்கும். கிரிவலத்தை எதிர்த்திசையில் சுற்றினால் இந்திர லிங்கத்துக்கு அடுத்து அக்னி லிங்கமா வரும்? ஈசான்யம்தான் வரும். லிங்கங்கள் அதே எட்டுதான், வரிசை வேறு.

போன வருஷம் ஒரு ஜூனியர் தம்பி 2-க்கு 3 அணி ஒன்றை சி நிரலுக்கு அனுப்பிவிட்டு, "விடை வருது அண்ணா, ஆனா கையால போட்டா வேற வருது" என்று வந்தார். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. கையால் போட்டுப் பார்த்தாரே, அதுவே பெரிசு. இல்லையேல் அந்த விடை அப்படியே புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்ப் பாடங்களைக் கேட்டே சைலாப் கற்றவர் அவர். இரண்டு பேருமாக மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அணியின் பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட்டோம். கிடை நெடுவாயிற்று, கைக்கணக்கும் மெஷின் கணக்கும் ஒன்றாக வந்தன. தம்பி டீ வாங்கிக் கொடுத்தார்.