கம்பெனி பஸ்ஸும் காலேஜ் பஸ்ஸும்

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு சுற்றுவட்டக் கிராமங்களில் ஒரே வீட்டு வாசலுக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவர் ஏதோவொரு தனியார் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தோடு வருபவர். இன்னொருவர் அதே தெருவில் குடியிருக்கும் அக்கா, ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருப்பவர். "எங்க லைன்ல ஆள் எடுக்கறாங்கடி, வரியா? அடுத்த மாசமே சம்பளம் கையில வந்துடும்" என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் முழுக் கணக்கையும் இருவருமே சொல்வதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரே பெண்ணின் இரண்டு வழிகளை எடுத்துக்கொள்கிறேன். வயது பதினெட்டு. அரசுப் பள்ளி. சுமாரான மதிப்பெண். அப்பா தோல் தொழிற்சாலையில், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். வேலூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு, 1918இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த சி.எம்.சி.யும், 1984இல் 180 மாணவர்களோடு தொடங்கிய வி.ஐ.டி.யும் நினைவுக்கு வரும். அங்கே இடம் பிடிப்பவர்கள் இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் வருகிறவர்கள். இங்கே பேசுவது, அந்த வளாகங்களை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்துப் போகிற உள்ளூர்ப் பிள்ளைகளைப் பற்றி.

முதலில் கம்பெனி வழி. இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதற்கு முன் என்ன இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் ஊறவைத்த காலத்தில் இது பெரும்பாலும் ஆண்களின் தொழில். 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்து, முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பச் சொன்னது. அதன் பிறகே ஷூ அப்பர் தைக்கும் கூடங்கள் பெருகின. பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். அதே காலத்தில் அவர்களுடைய பாட்டிமார் களையெடுத்த நிலம் பாழாகிக்கொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே படிக்கவும் போகாமல் கம்பெனிக்கும் போகாமல் காட்டுவேலையை நம்பி இருக்கலாம் என்கிற வழி பாலாற்றங்கரையில் பலருக்கு இல்லை.

கம்பெனி தருவது சம்பளம் மட்டுமா? மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு அவளிடம் 1,200 ரூபாய் பிடிப்பார்கள், கம்பெனி இன்னொரு 1,200 போடும். ஈ.எஸ்.ஐ.க்கு அவள் பங்கு 75 ரூபாய், கம்பெனி பங்கு 325. அந்த அட்டையைக் காட்டி அவளும் அவள் பெற்றோரும் வைத்தியம் பார்க்கலாம். பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளமும் அதில்தான் வருகிறது. ஊர் வாசலிலேயே ஏற்றி, ஊர் வாசலிலேயே இறக்கிவிடும் பஸ் உண்டு. கந்துவட்டி கட்டும் ஒரு வீட்டில் பதினெட்டு வயதுப் பெண்ணின் கையால் மாதம் தவறாமல் பணம் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

குறை பத்தாம் வருடத்தில் தெரியவரும். போன மாதம் சேர்ந்த பெண்ணுக்கும் பத்து வருடமாகத் தைக்கும் அக்காவுக்கும் சம்பளத்தில் உள்ள தூரம் மிகக் குறைவு. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே லைன் சம்பளம் நகர்கிறது. அகவிலைப்படி ஏறினால் எல்லோருக்கும் சேர்ந்து ஏறும். கை வேகத்துக்கும் அனுபவத்துக்கும் தனி விலை கிடையாது. ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று விலையை முடிவு செய்பவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அந்த நடுக்கம் ஆம்பூர் வரை வந்தது. ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் போகும், பிறகு புது ஆள் எடுப்பது நிற்கும். போதாததற்கு, சேர்ந்த பி.எஃப். பணத்தைக் கல்யாணத்துக்கு எடுத்துவிடுவதும், ஐந்து வருடம் முடியுமுன் கம்பெனி மாறிப் பணிக்கொடையை இழப்பதும் வழக்கமாகிவிட்டன. நாற்பது வயதில் ஊசிக் கண்ணுக்கு முன்னால் பார்வை மங்கும்போது, இருபது வருட உழைப்புக்கு அடையாளமாகக் கையில் நிற்பது மிகச் சொற்பம்.

இனி கல்லூரி வழி. கல்லூரிச் செலவு என்றதும் எல்லோரும் கட்டணத்தைப் பேசுகிறார்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலோ குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியிலோ பி.காம். சேரும் பெண், செல்போன் ஒன்று வாங்குவதைவிடக் குறைந்த பணத்தில் ஒரு வருடத்தை முடித்துவிடலாம். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. மூன்று வருடத்துக்கு 36,000. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது போதும். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

உண்மையான செலவு, அந்த மூன்று வருடம் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம்தான். மாதம் 10,000 வீதம் 36 மாதத்துக்கு 3,60,000 ரூபாய். புதுமைப் பெண் பணத்தைக் கழித்தாலும் 3,24,000 நிற்கிறது. இதைக் கல்லூரி வாசலில் யாரும் ரசீது போட்டுக் கேட்பதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் இருக்கும் தம்பியின் டியூஷனிலும், தள்ளிப்போன கூரை வேலையிலும், மறுபடி அடகுக்குப் போன தோட்டிலும் அது கழிகிறது.

பட்டம் வாங்கியவள் என்ன சம்பாதிப்பாள்? தோல் வட்டாரத்தில் கலை, வணிகவியல் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் அதே கம்பெனியின் ஆபீஸில், கணக்குப் பிரிவிலோ ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்யும் இடத்திலோ தான். லைனில் இருப்பவளைவிட 3,000 ரூபாய் கூடக் கிடைத்தாலும், விட்ட 3,24,000 ரூபாயைப் பிடிக்க 108 மாதம் ஆகும். ஒன்பது வருடம். சம்பளம் சமமாக இருந்தால் பிடிக்கவே முடியாது. "பி.ஏ. படிச்சவளும் அதே பஸ்லதான வரா" என்று தெருவில் சொல்வதில் இந்தக் கணக்கு முழுக்க இருக்கிறது.

அப்படியானால் கல்லூரி வேண்டாமா? வேண்டும் என்பதே என் முடிவு. முதல் வருடச் சம்பளத்தை வைத்து இரண்டு வழிகளையும் எடைபோடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பத்தாம் வருடச் சம்பளத்தை வைத்துப் பாருங்கள். லைனில் ஏறும் படிகள் மிகக் குறைவு. ஆபீஸில் இருப்பவள் டேலி கற்று, ஜி.எஸ்.டி. கற்று, சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை மாற முடியும். ஆம்பூரும் வாணியம்பாடியும் காட்பாடியும் அந்த இரண்டு நகரங்களையும் இணைக்கும் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. எல்லோரும் மாறுவதில்லை. ஆனால் அந்தக் கதவு பட்டத்துக்குத் திறக்கிறது, லைன் அனுபவத்துக்குத் திறப்பதில்லை.

அரசு வேலை பற்றி ஒரு வார்த்தை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். இளநிலை உதவியாளருக்கு அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். சட்டப்படி லைனில் தைப்பவளும் எழுதலாம். நாள் முழுக்க டார்கெட்டுக்குத் தைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்பி, அடுப்படி வேலையும் முடித்தபின் அவள் எப்போது படிப்பாள்? கல்லூரியில் இருப்பவளுக்குக் குறைந்தது பகல் நேரம் கையில் இருக்கிறது. அந்த நேரமும் கல்லூரி தருவதில் சேர்த்தி.

ரூபாயில் சேராத இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோல் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அந்த வேலையின் நாற்றத்தை ஊர் அவர்கள் மேலேயே ஏற்றிவைத்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட தொழிலில் உடம்பைத் தேய்த்த ஒரு அப்பா, "என்ன ஆனாலும் சரி, என் பொண்ணு காலேஜுக்குத்தான் போகணும்" என்று நிற்கும்போது அவரிடம் 108 மாதக் கணக்கைக் காட்டுவது நியாயமில்லை. அவர் மகளின் சம்பளத்தை மட்டும் நினைத்துப் பேசவில்லை. மகளை அந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைக்க முடியும் என்பதே அவர் யோசனை.

இந்த ஆசையைத்தான் சிலர் விலைபேசுகிறார்கள். அரசுக் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, அரசுக் கல்லூரிக்கும் கடன் வாங்கிப் படிக்கும் தனியார் பொறியியலுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கல்விக்கடன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். அதற்குள் தனிவட்டியாகவே 1,40,000 ரூபாய் சேர்ந்துவிடும். 5,40,000 ரூபாயைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் கட்ட வேண்டும். பெயர் தெரியாத கல்லூரியில் படித்துவிட்டு 15,000 ரூபாய் வேலைக்குப் போகும் பையனுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ பாதி வங்கிக்கே போய்விடும். அமெரிக்காவில் கல்விக்கடன் 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டி, குடும்பங்களை முதுமை வரை துரத்துவதைப் படிக்கிறோம். பேரணாம்பட்டு வீட்டுக்கு நான்கு லட்சமே அதே பாரம்தான்.

சலுகைகள் இல்லாமல் இல்லை, நுணுக்கம் தெரியாமல் இழக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் ஏற்பதும் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். "கலந்தாய்வு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கீங்க, இப்பவே சீட் போட்டுக்கங்க" என்று சொல்லி நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் வாங்குகிறவர் இதைச் சொல்ல மாட்டார். வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. அதற்குக் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். ஒரே கல்லூரிக்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று என இரண்டு கட்டணம் இருக்கும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

இந்த ஊர்களின் பழைய கதை வேறு மாதிரியானது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் 1965இல் எழுந்த கல்லூரி, தோல் வணிகத்தில் செல்வம் சேர்த்து வாரி வழங்கிய நவாப் சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தோலில் வந்த லாபம் கல்லூரிகளாகவும் மாறிய ஊர்கள் இவை. செலவின் பெரும்பங்கை வணிகரும் சமூகமும் சுமந்ததால் மாணவனின் வீட்டுக்குப் பாரம் குறைந்தது. இன்று அந்தப் பாரம் மெல்ல மெல்ல வீட்டின் தலைக்கு மாறிவிட்டது. படிப்பு தகுமா தகாதா என்கிற கேள்வி இத்தனை கூர்மையாக எழுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு பஸ்ஸிலும் ஏறாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. தோலைப் பற்றிய படிப்பு. 1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அதோடு இணைந்து அண்ணா பல்கலைக்கழகம் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். நடத்துகிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் செருப்பு ஊர், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே தோல் தொழில்நுட்பம் சொல்லித் தந்திருக்கிறார்கள். நம் வட்டாரத்தில் லைனில் இருக்கும் பெண் வீட்டிலிருந்து போய் வந்து பேட்டர்ன் வெட்டவும் டிசைன் போடவும் கற்றுக்கொள்ள, அதற்குச் சான்று வாங்க, சான்றுக்கேற்ற சம்பளம் கேட்க வழி மிகக் குறைவு. கிண்டி அவளுக்கு வெகு தூரம்.

2024 டிசம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 25,000 பேருக்கு வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்களுக்கு. இப்படிப்பட்ட ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் கொடுக்கும் அரசு, ஒப்பந்தத்திலேயே இரண்டு நிபந்தனை வைக்கலாம். ஷிப்ட் நேரத்துக்கு ஒத்துவரும் டிப்ளமா வகுப்பு ஆலை வளாகத்துக்குள்ளேயே, அரசு பாலிடெக்னிக் சான்றிதழோடு நடக்க வேண்டும். அதை முடித்தவளுக்கு லைனுக்கு மேலே ஒரு பதவியும், அதற்கென்று எழுதிவைத்த சம்பள விகிதமும் இருக்க வேண்டும். ஆம்பூரின் பழைய கம்பெனிகளிடமும் இதையே கேட்கலாம்.