ஆசிரியர் பிழையும் அவையோர் தீர்ப்பும்

கற்பித்தலைப் போல நாவை ஓயாது உழைக்கவைக்கும் தொழில் வேறொன்றில்லை. ஒரு நாளில் நான்கைந்து வகுப்புகள். வகுப்புக்கு நூற்றுக்கணக்கான சொற்றொடர்கள். கரும்பலகையில் எழுதுவன வேறு. இத்தனை சொற்களுள் ஒன்றேனும் இடறாமற் போகுமாயின் அதுவே வியப்பு. ஆயினும் உலகம் ஆசிரியரிடம் மட்டும் இடறாத நாவை எதிர்பார்க்கின்றது. தச்சர் ஒரு பலகையைக் குறைய அறுத்துவிட்டால் வேறு பலகை எடுத்துக்கொள்கிறார். எவரும் அதனைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆசிரியர் ஓர் ஆண்டை மாற்றிச் சொன்னாலோ, "இவருக்கே தெரியவில்லை, இவர் பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பார்?" என்னும் தீர்ப்பு மறுநாளே வீடு வீடாகப் போய்ச் சேர்கிறது.

எங்கள் லாஸ்பேட்டை, தாகூர் கலைக் கல்லூரியும் மோதிலால் நேரு பாலிடெக்னிக்கும் பள்ளிகள் பலவும் நிறைந்த பகுதி. காலை வேளையில் இங்குள்ள வீதிகளில் மாணவர் கூட்டமே மிகுதி. அவர்களுட் பலர் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. கரும்பலகையில் ஓர் ஒற்று விடுபட்டால் அதன் நிழற்படம் மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களிற் சுற்றிவர இக்காலத்தில் வழியுண்டு. முன்பு தெருவளவில் நின்ற ஏளனம் இப்போது ஊர் கடந்து செல்கிறது. ஆகவே, ஆசிரியரின் பிழையை முன்னோர் எவ்வாறு எடைபோட்டனர் என்பதை வரலாற்றில் தேடிக் காண்பது காலத்துக்கேற்ற பணியாகும்.

பிழை பொறாமையில் ஹதீஸ்க்கலை அறிஞரை விஞ்சியவர் உலகில் அரியர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லும் செயலும் மார்க்கத்தின் ஆதாரமாதலின், ஒரு பெயர் மாறினாலும் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அத்தகையோர் தம் ஆசிரியரின் பிழையை எங்ஙனம் நடத்தினர் என்பதே நாம் நோக்கவேண்டுவது.

ஹிஜ்ரி 194-இல் (கி.பி. 810) புகாரா நகரிற் பிறந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் இளமை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. தாகிலீ என்னும் ஆசிரியர் தம் ஏட்டிலிருந்து மக்களுக்கு ஹதீஸ்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அறிவிப்பாளர் தொடரைச் சொல்லும்போது, "ஸுஃப்யான், அபூஸுபைர் வழியாக, இப்ராஹீமிடமிருந்து" என்றார். பதினொரு வயதுச் சிறுவராய் அங்கிருந்த புகாரி, "அபூஸுபைர் இப்ராஹீமிடமிருந்து அறிவித்ததில்லையே" என்றார். ஆசிரியர் அவரை அதட்டினார். சிறுவர் அஞ்சவில்லை, வரம்பு கடக்கவுமில்லை. "தங்களிடம் மூல ஏடு இருப்பின் பார்த்தருள்க" என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் உள்ளே சென்று பார்த்துவிட்டு வந்தார். "சிறுவனே, அது எப்படி?" என்று கேட்டார். "அவர் ஸுபைர் இப்னு அதீ" என்று விடை வந்தது. ஆசிரியர் எழுதுகோலை வாங்கித் தம் ஏட்டைத் திருத்திக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் இமாமவர்களின் நினைவாற்றலுக்குச் சான்றாகவே எடுத்துரைக்கிறோம். தாகிலீயின் பெருமையை எவரும் பேசுவதில்லை. முதலில் அதட்டியது மனித இயல்பு. பின்னர் எழுந்து உள்ளே சென்றாரே, அது கல்வியின் இயல்பு. பதினொரு வயதுப் பிள்ளையிடம், பலர் முன்னிலையில், "அது எப்படி?" என்று கேட்டுத் திருத்திய கைக்கு இழுக்கு ஏதும் நேரவில்லை. அவையோர் நகைத்ததாகவோ, அவர் பாடத்தை விட்டு நீங்கியதாகவோ அந்நிகழ்ச்சியில் ஒரு சொல்லும் இல்லை.

இதனினும் நயமான மற்றொரு செய்தி பக்தாதில் நிகழ்ந்தது. மொழியறிஞர் அபூபக்ர் இப்னுல் அன்பாரீ (மறைவு ஹிஜ்ரி 328) வெள்ளிக்கிழமைகளில் ஹதீஸ் எழுதுவிக்கும் அவை நடத்திவந்தார். பின்னாளிற் பேரறிஞராய் விளங்கிய தாரகுத்னீ (ஹிஜ்ரி 306–385) அப்போது இளைஞர். ஒருநாள் ஆசிரியர் ஹிப்பான், ஹய்யான் என்னும் இரு பெயர்களுள் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டார். அரபு எழுத்தில் இவ்விரண்டும் ஒரே வடிவின. ஒன்றில் ஒரு புள்ளி, மற்றொன்றில் இரு புள்ளி, அவ்வளவே வேற்றுமை. இளைஞருக்குப் பிழை தெரிந்தது. ஆனால் அத்துணைப் பெரியவரை அவையில் இடைமறிக்க மனம் கூசிற்று. அவை கலைந்தபின், ஆசிரியரின் சொற்களை உரத்துச் சொல்லி மக்களுக்கு எட்டச்செய்யும் முஸ்தம்லீயிடம் சென்று, சரியான பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளியன்று இப்னுல் அன்பாரீ அவையோரை நோக்கி, சென்ற வாரம் இன்ன பெயரைத் தாம் பிழையாக எழுதுவித்ததாகவும், இன்ன இளைஞர் சரியானதை உணர்த்தியதாகவும், மூலத்தைப் பார்த்தபோது அவர் சொன்னதே உண்மை எனக் கண்டதாகவும் அறிவித்தார்.

மாணவர் பிழையை மறைவிற் சொன்னார். ஆசிரியர் திருத்தத்தை வெளியிற் சொன்னார். இன்றோ இம்முறை தலைகீழாகிவிட்டது. பிழையை வெளியிற் பரப்புகிறோம். திருத்தம் நேர்ந்தால் அதனை எவரும் அறிவதில்லை.

இவை தனிமனிதரின் நற்குணங்கள் மட்டுமல்ல. ஒரு கலையின் சட்டமாகவே வகுக்கப்பட்டவை. எவருடைய ஹதீஸைக் கைவிட வேண்டும் என்று இமாம் ஷுஅபா (மறைவு ஹிஜ்ரி 160) அவர்களிடம் கேட்டபோது, பொய்யுரைப்பதாக ஐயுறப்பட்டவர், மிகுதியாகப் பிழைசெய்பவர் ஆகியோரோடு, யாவரும் பிழையென ஒப்பிய ஒன்றில் தம்மை ஐயுறாமல் அதனையே பிடித்துக்கொண்டிருப்பவரையும் சேர்த்துச் சொன்னார். அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ (மறைவு ஹிஜ்ரி 198) அறிவிப்பாளரை மூவகையாகப் பிரித்தார். உறுதியான நினைவாற்றல் உடையவரிடம் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. பிழை நேர்ந்தாலும் பெரும்பகுதி சரியாகச் சொல்பவரைக் கைவிடுதல் தகாது. பெரும்பகுதியும் பிழையாகச் சொல்பவரே கைவிடத்தக்கவர். இரண்டாம் வகையாரையும் தள்ளிவிட்டால் மக்களிடம் ஹதீஸே எஞ்சாது என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. இமாம் திர்மிதீ (மறைவு ஹிஜ்ரி 279) அவர்களும், நினைவாற்றல் மிக்க இமாம்களுள்ளும் பிழையினின்று முற்றும் தப்பியவர் அரியர் என்று எழுதிவைத்தார்.

இங்கே மூன்று வேறுபாடுகள் தெளிவாகின்றன. பிழை வேறு, பொய் வேறு. ஒரு பிழை வேறு, பிழையே வழக்கமாதல் வேறு. பிழைத்தல் வேறு, காட்டியபின்னும் விடாப்பிடியாயிருத்தல் வேறு. மூன்றாவதே மூலமானது. திருத்திக்கொள்பவரை அக்கலை காத்தது. திருத்த மறுப்பவரைத் தள்ளியது. இன்றைய நம் தீர்ப்புகளோ இம்மூன்றையும் ஒன்றாக்கி, ஒரே நாவால் ஒரே தண்டனை விதிக்கின்றன.

தமிழ் மரபிலும் இந்நுட்பம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் ஆசிரியரின் இலக்கணத்தைக் கூறியதோடு நில்லாமல், மாணாக்கரையும் தரம் பிரிக்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் தலைமாணாக்கருக்கு உவமை. கடைமாணாக்கருக்கு உரிய உவமைகளுள் ஒன்று நெய்யரி. நல்ல நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசண்டை மட்டும் தன்னிடம் தேக்கிக்கொள்வது அது. ஆசிரியர் ஓராண்டு முழுதும் சொன்னவற்றையெல்லாம் மறந்து, அவர் ஒருநாள் தவறியதை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

இப்னு மாஜாவின் தொகுப்பில் இதற்கு இணையான உவமை ஒன்று வருகிறது. ஞானவுரையைக் கேட்டுவிட்டு அதிலுள்ள தீயதை மட்டும் பிறருக்குச் சொல்பவன், இடையனிடம் ஆடு கேட்டவனைப் போன்றவன். மந்தையுள் சிறந்ததன் காதைப் பிடித்துக் கொண்டுபோ என்று இடையன் சொல்ல, அவன் சென்று மந்தையின் காவல்நாயின் காதைப் பிடித்துக்கொண்டு போனான். இதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது கலைவல்லார் கருத்து. எனினும் நெய்யரியும் நாயின் காதும் இரு வேறு மொழிகளில் ஒரே நோயைச் சுட்டுவது கருதத்தக்கது.

தமிழறிஞரின் தரத்தைப் பலர் முன்னிலையிற் சோதிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 10.3.1907 அன்று சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியபோது, நூறு திசையில் கவனம் செலுத்தி இடறாது நின்றதே வெற்றியாயிற்று. அத்தகைய மேடையில் ஒரு பிழையும் தோல்வியே. அஃது அம்மேடையின் விதி. வகுப்பறையின் விதி அதுவன்று. வகுப்பறை அவதானி தம் ஆற்றலைக் காட்டும் இடமாகாது. மாணவர் கற்கும் இடமாகும். அங்கே பிழை திருத்தப்படுவதைக் காண்பதும் பாடத்தின் ஒரு பகுதியே. மேடையின் சட்டத்தை வகுப்பறைக்குக் கொணர்ந்ததே நாம் செய்த தவறு.

கடுமையான தீர்ப்பு எப்போதும் தீங்கு செய்வது என்றும் கொள்ளுதல் கூடாது. தீர்ப்புக்குப் பின் தீர்ப்பளித்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். 1880-ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் தம் இருபத்தைந்தாம் வயதில், தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, கலம்பகம் என்று ஒரு நீண்ட பட்டியலைச் சொன்னார். இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்பதுபோல் முதலியாரின் மறுமொழி அமைந்தது. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றும் கேட்டார். கல்லூரி ஆசிரியராகிய இளைஞருக்கு அந்நூல் அதுவரை கிட்டியதில்லை.

ஒரு தமிழாசிரியருக்கு இதனினும் கடுமையான தீர்ப்பு இருத்தல் அரிது. ஆனால் முதலியார், "கல்லூரி ஆசிரியருக்குச் சிந்தாமணியே தெரியாது" என்று ஊரிற் சொல்லித் திரியவில்லை. சிந்தாமணிப் பிரதியைக் கையிற் கொடுத்தார். ஆசிரியரும் முகம் சுளித்து விலகவில்லை. சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறிற்று.

அப்பதிப்பு வெளிவந்தபின் மற்றொரு வகைத் தீர்ப்பும் எழுந்தது. பிழைகள் மலிந்தது எனக் கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் உலவின. அவர் மறுப்பெழுதும் போரில் காலத்தைச் செலவிடவில்லை. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அடுத்தடுத்துப் பதிப்பித்தார். 1907-இல் சிந்தாமணியைத் திருத்தங்களோடு மீண்டும் வெளியிட்டார். முதலியாரின் கடுஞ்சொல் தமிழுக்கு ஒரு நூல் வரிசையைத் தந்தது. துண்டுப் பிரசுரங்கள் தந்தது யாதென்று இன்று சொல்வார் இல்லை. இருசாராரும் குறை கண்டவரே. ஒருவர் குறையோடு நூலையும் நீட்டினார். மற்றவர் குறையை மட்டும் நீட்டினர்.

இங்ஙனமாயின் ஆசிரியர் எதைச் சொன்னாலும் பொறுத்திருத்தல் வேண்டுமோ என்று பெற்றோர் கேட்கலாம். வேண்டா. பாடத்தை ஆயத்தம் செய்யாமல் வருபவரையும், காட்டியபின்னும் திருந்தாதவரையும் ஷுஅபாவின் அளவுகோல் தப்பவிடாது. ஆனால் சிறு பிழைக்கும் பெருந்தண்டனை என்றானால், முதலில் அழிவது ஆசிரியரின் மானமன்று, மாணவரின் கல்வியே. ஏளனத்துக்கு அஞ்சும் ஆசிரியர், "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்னும் சொல்லை மறந்துவிடுகிறார். மாணவர் ஐயம் எழுப்பினால் அதட்டி அமரச் செய்கிறார். குறிப்பேட்டில் உள்ளதை மட்டும் வாசித்துவிட்டு வகுப்பை முடித்துக்கொள்கிறார். தாகிலீ அதட்டியதோடு நின்றிருந்தால் அப்பிழை ஏட்டிலேயே இருந்திருக்கும். அந்த அவையில் எழுதிய எத்தனையோ பேரின் ஏடுகளிலும் இருந்திருக்கும். நாம் ஆசிரியரை அஞ்சவைக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளே சென்று மூலத்தைப் பார்க்கும் கதவைச் சாத்துகிறோம்.

நம் பள்ளிவாசல்களில் இதற்கான ஒழுக்கம் நாள்தோறும் நடைமுறையில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டில் முடித்துவிட்டார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர், தொழுகை குறைக்கப்பட்டதா, அன்றித் தாங்கள் மறந்தீர்களா என்று பணிவோடு கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் மக்களிடம் வினவி உறுதிசெய்து, எஞ்சியதை நிறைவேற்றி, மறதிக்குரிய ஸஜ்தா செய்தார்கள். தாமும் மனிதரே, தாமும் மறப்பதுண்டு, மறந்தால் நினைவூட்டுங்கள் என்று அவர்கள் சொன்னதாகவும் ஆதாரபூர்வமான ஹதீஸ் இருக்கிறது.

இன்றும் இமாம் ஓர் ஆயத்தில் தடுமாறினால் பின்னிற்பவர் லுக்மா கொடுக்கிறார். ரக்அத்தில் மறந்தால் "ஸுப்ஹானல்லாஹ்" என்று உணர்த்துகிறார். இமாம் திருத்திக்கொள்கிறார். அவர் தடுமாறினார் என்பதற்காக எவரும் தொழுகையை முறித்துக்கொண்டு வெளியேறுவதில்லை. உரிய சொல், உரிய நேரம், உரிய அளவு. அதன்பின் அனைவரும் அவர் பின்னாலேயே தொழுகையை நிறைவு செய்கிறார்கள். ஐவேளையும் அணிவகுப்பிற் கடைப்பிடிக்கும் இந்த ஒழுக்கத்தை, பிள்ளைகளின் பாடசாலை வாசலில் காலணியோடு கழற்றி வைத்துவிடாதிருத்தல் நம் கடமையாகும்.