யானையும் குருவியும்

குழந்தைக்குக் கதை சொல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. பாட்டிமார் வேலையென்று நாம் ஒதுக்கிவிட்ட அக்கலையை நம் இலக்கண நூலார் இலக்கிய வகையாகவே மதித்தனர். தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடை வகைகளை எண்ணுமிடத்து, நிகழாததைப் புனைந்து கூறும் பொய்ம்மொழியையும் ஒன்றாக வைக்கின்றது. அதற்கு உரை வகுத்த பேராசிரியர், யானையொன்றும் குருவியொன்றும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று ஒரு செயல் செய்த கதையைச் சான்று காட்டுகின்றார். இத்தகையவை ஒருவரிடம் ஒருவர் கற்று வழிவழியாக வருவன என்றும் உரைக்கின்றார்.

“யானை பேசுமா?” என்று ஐந்து வயதுக் குழந்தை வினவினால் நாம் திகைக்க வேண்டுவதில்லை. “பேசாது, பேசினால் என்ன பேசும் என்று நினைத்துப் பார்ப்போமா?” என்பதே போதிய விடை. பொய்யன் கேட்போனை ஏமாற்றுகின்றான். கதை சொல்வோனோ கேட்போனைக் கைபிடித்து உடன் அழைத்துச் செல்கின்றான். “குருவி என்ன மறுமொழி சொல்லியிருக்கும்?” என்று நாம் கேட்டுப் பொறுத்திருந்தால், மீதிக் கதையைக் குழந்தையே சொல்லும். கற்பனை என்பது அதுவே.

கதைக்கு நாட்டெல்லை இல்லை. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழி புகுந்தது. மும்பைத் தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. தாண்டவராய முதலியார் 1826இல் தமிழில் தந்த பஞ்சதந்திரம் மராத்தியிலிருந்து பெயர்க்கப்பட்டதாகும். அண்டை வீட்டில் நாம் அன்றாடம் கேட்கும் மொழி, அன்றே நம் சிறுவர்க்குக் கதை வழங்கியிருக்கின்றது! பின்னர் 1947இல் சென்னையில் ‘அம்புலிமாமா’ தோன்றியது; 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. 1967இல் அனந்த் பை தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ இந்நகரிலிருந்தே நாடெங்கும் பரவியது.

இன்று தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுகின்றனர். அவர்தம் தமிழுக்கு எஞ்சிய இடம் வீடு ஒன்றே. அங்கும் ‘சாப்பிடு’, ‘படி’, ‘தூங்கு’ என்பவையே அவர்கள் கேட்கும் தமிழாயின், தாய்மொழி வெறும் கட்டளை மொழியாகச் சுருங்கிவிடும். ‘பறந்தால்’, ‘பேசினால்’ என்னும் சொற்களின் இன்பத்தைக் குழந்தை கதையில்தான் கண்டுகொள்கின்றது.

மின்சார ரயிலில் நசுங்கி வீடு திரும்பும் நமக்கு ஓய்வு அரிதே. எனினும் விளக்கணைக்குமுன் கால்மணி நேரம் போதும். நூலும் வேண்டா, செலவும் இல்லை. ஒருவரிடம் ஒருவர் கற்று வந்த இத்தொடர் நம் தலைமுறையில் அறுந்தது என்னும் பழி நமக்கு வேண்டா. இன்றிரவே யானையும் குருவியும் நம் இல்லத்தில் நட்புக் கொள்ளட்டும்!