செங்கல்லும் வேளாண் கழிவு நார்களும்

வைக்கோல், உமி, பதர், கரும்புச்சக்கை போன்ற வேளாண் கழிவுகளைக் களிமண்ணில் சேர்த்துக் குழைத்துக் கல் அறுப்பது மிகப் பழைய கட்டடத் தொழில்நுட்பங்களில் ஒன்று. சூளையில் சுடாமல் வெயிலில் உலர்த்தும் பச்சைக்கல்லுக்கு இது பெரிதும் உதவும். இந்த நார்கள் சுவருக்கு வலுச் சேர்த்ததுடன், அதைக் கட்டியவர்கள் எதைப் பயிரிட்டார்கள் என்ற செய்தியையும் காத்து வைத்துள்ளன.

நாரின் வேலை

ஈரக் களிமண் உலரும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். மண்ணுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நார்கள் வெடிப்பு விரியாமல் இழுத்துப் பிடிக்கின்றன. சூளையில் சுடும் கல்லில் நடப்பது வேறு. அங்கே உமி எரிந்துபோய்ச் சிறு துளைகளை விட்டுச் செல்கிறது. கல்லின் எடை குறைகிறது, வெப்பமும் மெதுவாகவே கடக்கிறது. ஆனால் துளைகள் கூடினால் வலிமை குறையும்; கல் அதிக நீரை உறிஞ்சும். எனவே அளவறிந்து சேர்ப்பதே முறை.

உலக வரலாற்றில்

பண்டைய எகிப்தில் நைல் நதி வண்டலுடன் வைக்கோல் கலந்து கல் அறுத்தனர். அடிமைகளுக்கு வைக்கோல் தர மறுத்த செய்தியை விவிலியத்தின் யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் கூறுகிறது. பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கரில் 1974 முதல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அகழாய்வு செய்தனர். அங்கிருந்த பச்சைக்கற்களில் வாற்கோதுமை, கோதுமை ஆகியவற்றின் அச்சுகள் பதிந்திருந்தன. தானியம் மட்கிப் போயிருந்தாலும் மண்ணில் அதன் வடிவம் நின்றது. தெற்காசியாவின் மிகப் பழைய வேளாண்மைக்கு அந்த அச்சுகள் முக்கியச் சான்றாயின.

ஜவ்வாது மலையில்

புதுச்சேரியின் அரிக்கமேடு, தமிழகத்தின் கீழடி போன்ற இடங்களின் சுட்ட செங்கற்கள் நிலைத்து நின்றதால் அவற்றைப் பற்றி அதிகம் பேசுகிறோம். மண்சுவர் மழையில் கரைந்துவிடுவதால் அதன் வரலாறு கவனம் பெறுவதில்லை.

திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாட்டில் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகள் மண்சுவரும் கூரையும் கொண்டவை. சுவரும் தரையும் சாணத்தால் மெழுகப்படும். சாணமும் ஒரு நார்ச்சேர்க்கைதான்: மாடு தின்ற சாமைத் தாளின் செரிக்காத நார் அதில் இருக்கிறது. ஆகவே மலையில் விளைந்த சாமையின் தடம் சுவர்ப்பூச்சிலும் தங்கியிருக்கக்கூடும். இதே மாவட்டத்தின் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் நடத்திய அகழாய்வில் புதிய கற்கால மக்களின் குழி வீடுகளும் கரிந்த பயறு வகைகளும் கிடைத்தன. பழங்கால உணவை அறிய இத்தகைய சிறு எச்சங்களே துணை.

மீண்டும் வரும் முறை

2021இல் ஹைதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தில், நறுக்கிய வேளாண் கழிவும் சுண்ணாம்புக் கலவையும் சேர்த்துச் செய்த கற்களால் ஒரு காவலர் அறை கட்டப்பட்டது. இக்கற்கள் பாரம் தாங்காது என்பதால் உலோகச் சட்டத்தின் துணையுடன் அடுக்கப்பட்டன. 2023இல் கிழக்கு லண்டன் பல்கலைக்கழகம் கரும்புச்சக்கையால் செய்த கட்டுமானக் கல்லை அறிமுகப்படுத்தியது. அறுவடைத் தாளை வயலிலேயே எரிப்பதால் உண்டாகும் புகையும், சூளைக்காக வெட்டப்படும் வண்டல் மண்ணும் இம்முயற்சிகளுக்குக் காரணங்கள்.

காக்க வேண்டிய சான்று

2030க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. மழைக்கு ஒழுகாத வீடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவை. அதில் இரு கருத்தில்லை. ஆனால் பழைய சுவரை இடிக்கும் நாளில் அதனுள் இருக்கும் செய்தியும் போய்விடுகிறது. மாணவர்கள் வீட்டுக்காரரின் அனுமதியுடன், இடிபாட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து நீரில் கரைக்கலாம். மண் அடியில் தங்கும். உமியும் தாளும் பெரும்பாலும் மேலே மிதக்கும். அகழாய்வாளர்களும் விதைகளைப் பிரிக்க இம்முறையையே கையாளுகின்றனர். வடித்தெடுத்ததை நிழலில் உலர்த்தி, ஊர்ப்பெயரையும் வீட்டின் வயதையும் எழுதி உறையில் இட்டு வைத்தால், அந்த ஊரின் பயிர் வரலாற்றில் ஒரு பக்கம் காப்பாற்றப்படும்.