பழைய ஸ்பீக்கரோட புது சப்வூஃபரை சேர்க்கலாமா? கம்ப்யூட்டர் ஆடியோவில் கவனிக்க வேண்டியவை
கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ரெண்டும் நல்லா இருக்கு, 'தும்' சத்தம் மட்டும் வரலையா? செட்டையே மாத்த வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு சப்வூஃபர் ஒன்றைத் தனியாகச் சேர்த்தால் போதும்.

எப்படி இணைப்பது?

கம்ப்யூட்டரின் பச்சை ஜாக்கில் ஒய் கேபிளைச் சொருகி, ஒரு முனையை ஸ்பீக்கருக்கும் மற்றொன்றை சப்வூஃபரின் லைன் இன்னுக்கும் கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் வால்யூமை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறும்.

ஆரஞ்சு ஜாக் வேண்டாமா?

அது 5.1 செட்டுக்கானது. சாதாரண ஸ்டீரியோ பாட்டில் சப்வூஃபருக்கென தனி சேனல் கிடையாது. அதனால் செட்டிங்கில் பேஸ் மேனேஜ்மென்ட் வசதியை ஆன் செய்யாவிட்டால் சத்தமே வராமல் போகலாம்.

கிராஸ்ஓவர் எவ்வளவு?

முதலில் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழான ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஒரே சப்வூஃபர் போதும் என்பதற்குக் காரணம் இதுதான். செய்தி வாசிப்பவரின் குரல் சப்வூஃபரில் இருந்து கேட்டால், அளவு அதிகம், குறையுங்கள்.

ஃபேஸ் சுவிட்ச் எதற்கு?

0, 180 இரண்டிலும் வைத்துப் பாருங்கள். எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ, அதிலேயே விடுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க!

ஆம்ப்ளிஃபயர் இல்லாத சப்வூஃபரை, ஸ்பீக்கர் வயரோடு சேர்த்து முறுக்கக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருடன் 8 ஓம் சப்வூஃபர் இப்படிச் சேர்ந்தால் 4 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் சூடாகிப் பழுதாகலாம்.

அறை மூலையில் வைத்தால் பேஸ் கூடும். அபார்ட்மென்ட் என்றால் சுவரை விட்டு தள்ளி வைப்பது பக்கத்து வீட்டுக்கும் நல்லது.