தரங்கம்பாடியில் ஓர் இளம் பாதிரியாரின் ஒரு வாரம்



சுங்கை பூலோவிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்று வரும் நம்மில் பலர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலுள்ள சீயோன் லுத்தரன் ஆலயத்தைக் கண்டிருப்போம். தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த லுத்தரன் கிறித்தவர்கள் இந்நாட்டில் வேரூன்றச் செய்த மரபைச் சேர்ந்தது அவ்வாலயம். அம்மரபின் ஊற்றுக்கண்ணைத் தேடினால், சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடிக்கும் 1706ஆம் ஆண்டுக்கும் சென்று சேர்வோம். அங்கே ஒரு ஜெர்மானிய இளைஞர் தமிழ் கற்ற வரலாறு இருக்கிறது. அவருடைய சமயப்பணியைப் பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம். ஆனால் அவர் தமிழ் கற்ற முறையும், அவருக்குக் கற்பித்தவர்களுக்கு வரலாறு தந்த இடமும் ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

கடல் கடந்து வந்தவர்

பார்த்தலோமேயு சீகன்பால்க் 1682இல் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹாலே நகரில் பயின்றார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக், இவரையும் ஹென்ரிக் புளுட்சோ என்பவரையும் சமயப்பணிக்காக அனுப்பினார். 1705 நவம்பர் இறுதியில் கோப்பன்ஹேகனில் கப்பலேறிய இருவரும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். அப்பொழுது சீகன்பால்க் 24 வயதை எட்டிக் கொண்டிருந்தார்.

தரங்கம்பாடி, 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடமிருந்து வணிகத்திற்காக டென்மார்க்கினர் பெற்ற ஊராகும். டான்ஸ்போர்க் கோட்டையிலிருந்து ஆட்சி செய்த வணிகக் குழுமத்தார் பாதிரிமார்களின் வருகையை விரும்பவில்லை. மதப் பரப்புரை தங்கள் வாணிகத்தைக் கெடுத்துவிடும் என அவர்கள் அஞ்சினர். ஆகவே, மன்னரின் ஆணையோடு வந்தவர்களுக்கு ஊரில் வரவேற்பு இல்லை, மொழியும் தெரியாது.

திண்ணைப் பள்ளியில் ஒரு மாணவர்

தமிழ் கற்க அவர் நாடியது ஒரு திண்ணைப் பள்ளி. ஏறத்தாழ எழுபது வயதான ஓர் ஆசிரியரை அணுகி, பள்ளியையே தம் இல்லத்திற்கு அழைத்துக் கொண்டார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் முதலான எழுத்துகளை எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் கண்டவர் நம் முதலாம் ஆண்டுப் பிள்ளையைப் போல் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

விரைவிலேயே ஓர் இடர்ப்பாடு தோன்றியது. எழுத்துகளை எழுதவும் ஒலிக்கவும் வந்தது, பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்குத் தமிழன்றிப் பிற மொழி தெரியாது. மாணவருக்கோ தமிழ் தெரியாது. அப்போதுதான் அழகப்பன் என்பவர் துணைக்கு வந்தார். முன்னர் வணிகக் குழுமத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், அக்காலக் கடற்கரை ஊர்களின் பொதுமொழியாக விளங்கிய போர்த்துக்கீசிய மொழியுடன் வேறு சில ஐரோப்பிய மொழிகளையும் அறிந்தவர். அவர் வந்த பிறகே எழுத்துக்குப் பொருள் கிடைத்தது.

வாரத்தின் நாள்கள்

1708இல் எழுதிய கடிதமொன்றில் சீகன்பால்க் தம் அன்றாட அட்டவணையைக் குறித்துள்ளார். நம் பள்ளிக் கால அட்டவணையைப் போன்றே அது மணிவாரியாகப் பிரிக்கப்பட்டது.

காலை 6 மணிக்கு மக்களுக்குத் தமிழில் சமய வினாவிடையை விளக்குவார். 7 மணிக்குத் தாம் முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீள்பார்வை செய்வார். 8 மணி முதல் நண்பகல் 12 வரை தாம் இதுவரை படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். அருகில் பொருள் விளக்க ஓர் ஆசிரியர். புதிய சொல் வந்தவுடன் குறித்துக்கொள்ள ஓர் எழுத்தர். நண்பகல் உணவின்போதும் ஒருவர் படித்துக் காட்ட, கேட்டுக்கொண்டே உண்பார். வெயில் கடுமையாதலால் 1 மணி முதல் 2 வரை ஓய்வு. அடுத்த ஒரு மணி நேரம் இல்லத்தில் சமயப் பாடம். 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல்கள். பின்னர் வழிபாடும், உடன் பணியாற்றுவோருடன் கலந்துரையாடலும். விளக்கொளியில் படித்தால் கண்ணுக்குக் கேடு என்பதால், இரவில் எழுத்தர் படிக்க இவர் செவிமடுப்பார். உணவுக்குப் பின் பிள்ளைகளின் படிப்பைச் சோதித்து, அவர்களோடு உரையாடுவார்.

இதே ஒழுங்கில்தான் கிழமை நாள்கள் சென்றன. ஞாயிற்றுக்கிழமை, 1707 ஆகஸ்டு 14இல் திறக்கப்பட்ட எருசலேம் ஆலயத்தில் தமிழிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் வழிபாடு நடைபெறும். வாரம் முழுவதும் சேர்த்த சொற்களைச் சபையின் முன் பயன்படுத்தும் நாள் அதுவே. தமிழர்களின் செவி ஒவ்வொரு வாரமும் அவருக்குத் தேர்வு வைத்தது எனலாம்.

இவ்வொழுங்கு இடையிடையே முறிந்தும் போயிற்று. ஆளுநருடன் ஏற்பட்ட மோதலால் 1708 நவம்பரில் சிறைப்பட்டு, நான்கு மாதங்கள் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார்.

விளைந்தவை

1708லேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புப் பட்டியல் எழுதினார். அதே ஆண்டு தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் அது 1715இல் முழுமையாக வெளிவந்தது. இவ்விடத்தில் ஆசிரியர்கள் ஒரு செய்தியைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதலில் அச்சான நூல் இதுவன்று. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சேறிவிட்டது.

தமிழரின் தெய்வ வழிபாட்டைப் பற்றியும் சீகன்பால்க் 1713இல் ஒரு நூல் எழுதினார். மதம் மாற்ற வந்தவர் அம்மதத்தைப் பொறுமையாகக் கேட்டெழுதிய நூல் அது. ஹாலேயிலிருந்த பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36 வயதில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார்.

பெயரில்லாத ஆசிரியர்

இனி, நான் சொல்ல விழைவதற்கு வருகிறேன். மேற்கண்ட அட்டவணையை மீண்டும் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு மணியிலும் பக்கத்தில் ஒரு தமிழர் அமர்ந்திருக்கிறார். பொருள் சொல்கிறார், ஏட்டைப் படிக்கிறார், சொல்லைக் குறிக்கிறார். மாணவரின் பெயரால் நூல்களும் நினைவுச் சின்னங்களும் உள்ளன. மணலில் விரல் பிடித்துத் தொடக்கி வைத்தவரோ, நாம் பரவலாகப் படிக்கும் வரலாறுகளில் 'எழுபது வயது ஆசிரியர்' என்று மட்டுமே நிற்கிறார்!

நம் நாட்டிலும் இதே கதைதான். 1816 அக்டோபர் 21இல் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கியதையும், அங்கே தமிழ் வகுப்பு நடந்ததையும், அப்பள்ளியைத் தோற்றுவித்த ஹட்சிங்ஸ் பாதிரியாரின் பெயரையும் நாம் விழாக்களில் நினைவுகூர்கிறோம். அவ்வகுப்பில் நின்று கற்பித்தவரை எத்தனை பேர் நினைக்கிறோம்? 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென்றது. அத்தோட்டப் பள்ளிகள் பலவற்றில் எழுத்தறிவு பெற்றிருந்த கங்காணியோ கிராணியோதான் முதல் ஆசிரியர். தோட்டத்துத் துரையின் பெயர் ஆவணத்தில் இருக்கும். அவர்களின் பெயர் பாட்டி தாத்தாமாரின் நினைவில் மட்டுமே இருக்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பள்ளிகள் இடம் மாறிய பின் அந்நினைவும் தேய்ந்து வருகிறது. ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் ஆண்டு மலரைத் தொகுக்கும்போது, கட்டடம் திறந்து வைத்தவரின் படத்திற்கு முன்பாக, அப்பள்ளியில் முதன்முதலில் 'அ' எழுதிக் கொடுத்தவரின் பெயரைத் தேடி அச்சிடுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டு முதியவர்களிடம் அவர்களின் முதல் ஆசிரியர் யாரென்று இவ்வாரமே கேட்டு, பிள்ளையின் கையாலேயே எழுதி வையுங்கள். அது ஓர் ஏட்டில் ஒரு வரிதான். தரங்கம்பாடி ஆசிரியருக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.

அன்புடன்,
சுங்கை பூலோவிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்