நீலப்பறவையும் முர்ஷிதாவும்

பட்டினப்பாக்கம் கடற்கரையில் நின்று தெற்கே நோக்குவார்க்கு அடையாற்றின் கழிமுகம் தோன்றும். 1967-இல் கட்டப்பெற்றுப் பத்தே ஆண்டில் வெள்ளத்தில் இடிந்த பாலத்தின் எச்சமும் கண்ணிற்படும். ஆற்றின் அக்கரையில் அடர்ந்து கிடக்கும் தோப்பு பிரம்மஞான சபைக்குரியது. 1882-இலிருந்து அச்சபையின் தலைமையகம் அங்கேயே உள்ளது. அச்சபையின் கொள்கைகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று சாரணர் உடை அணிந்து நிற்பதற்கும் அந்தத் தோப்புக்கும் ஓர் உறவு உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

“எங்கள் மகளைப் பள்ளியில் சாரணியர் கூட்டத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?” என்று நம்மிடம் வினவும் தாய்மார் பலர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுப்பது எளிது. ஆனால் அது எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, யாரை விலக்கி வைத்திருந்தது என்பதை அறிந்தபின் விடை காண்பதே முறை.

ஆங்கிலத் தளபதி பேடன் பவல் 1907-இல் பிரௌன்சீ தீவில் சிறுவர்களைக் கூட்டி முதற் பாசறை நடத்தினார். அவர் எண்ணத்தில் இருந்தவர்கள் ஆண்பிள்ளைகள் மட்டுமே. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, சிறுமியர் சிலரும் தாமே சாரணர் கோலம் பூண்டு வந்து நின்றனர். அழைப்பின்றி வந்த அப்பிள்ளைகளின் பிடிவாதத்தாலேயே 1910-இல் பெண்களுக்கென ஓர் அமைப்பு உருவாயிற்று. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதற்குத் தலைமை ஏற்றார். இன்னும் இளைய சிறுமியர்க்கு 1914-இல் ஒரு பிரிவு தோன்றியது. அதற்கு ‘ரோஜா மொட்டுகள்’ என்று பெயரிட்டனர். அச்சிறுமியர்க்கு அப்பெயர் பிடிக்கவில்லை. ஆகவே மறு ஆண்டே ஆங்கில நாட்டுக் கதைகளில் வீட்டு வேலைகளை மறைவாகச் செய்து தரும் குட்டித் தேவதைகளின் பெயரால் ‘பிரௌனி’ என மாற்றினர். தம் பெயரைத் தாமே மறுக்கத் துணிந்த அக்குழந்தைகளை நாம் மெச்சுகிறோம்.

இந்தியாவில் பெண்களின் முதற்படை 1911-இல் ஜபல்பூரில் அமைந்தது. சிறுவர் படை அதற்கு இரண்டாண்டு முன்பே பெங்களூரில் தொடங்கியிருந்தது. ஆனால் இவை ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பெற்றவை. இந்நாட்டுச் சிறுவர்க்கு அணிவகுப்பும் கட்டுப்பாடும் கற்பித்தால் நாளை அரசுக்கெதிராக எழுவார்களோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். அவ்வச்சத்தைப் புறந்தள்ளி, அன்னி பெசன்ட் அம்மையார் ஜி. எஸ். அருண்டேலின் துணையுடன் 1916-ஐ ஒட்டிச் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் நிறுவினார். தன்னாட்சிக் கிளர்ச்சிக்காக அம்மையார் 1917-இல் உதகையில் காவலில் வைக்கப்பெற்றதும் இதே காலம்தான். வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா முதலியோர் 1918-இல் சேவா சமிதியின் சார்பில் மற்றொரு சங்கம் கண்டனர். இத்தனைக்கும் பின்னரே, 1921-இல் இந்தியா வந்த பேடன் பவல் அம்மையாரின் சங்கத்தைத் தம் இயக்கத்தோடு இணைத்துக்கொண்டார். கதவு தானாகத் திறந்ததன்று, தட்டித் திறக்கப்பட்டது.

திறந்த பின்னும் இழிவு தொலையவில்லை. 1937-இல் இந்தியா வந்த பேடன் பவல், இந்தியரின் மொழியில் ‘ஆனர்’ என்பதற்குச் சொல்லே இல்லை என்னும் பொருள்பட எழுதிவிட்டார். சாரணர் உறுதிமொழியே அச்சொல்லில்தான் தொடங்குகிறது! திருக்குறளின் 97-ஆம் அதிகாரத்திற்குப் பெயர் ‘மானம்’. அரபியின் ‘இஸ்ஸத்’ உருதுவிற் புகுந்து இந்நாட்டில் வண்டிக்காரர் முதல் நவாபு வரை எல்லோர் நாவிலும் வழங்கிற்று. இவற்றுள் ஒன்றேனும் அப்பெரியவரின் செவிக்கு எட்டவில்லை போலும். சினமுற்ற இந்தியத் தலைவர்கள் பிரிந்துசென்று, 1938-இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் கண்டனர்.

விடுதலைக்குப் பின் சிதறிக் கிடந்த இச்சங்கங்களை ஒன்றாக்க உழைத்தவர்களுள் நேருவோடும் குன்ஸ்ருவோடும் வைத்து எண்ணத்தக்கவர் அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆஸாத். 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. பெண்களின் சங்கம் 1951 ஆகஸ்ட் 15-இல் அதனோடு சேர்ந்தது. ஆஸாதின் தஃப்ஸீரைப் போற்றும் நம்மவர் அவருடைய இப்பணியை நினைவுகூர்ந்து நாம் கேட்டதில்லை. பின்னர் 1964 முதல் 1983 வரை ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவான அவ்வியக்கத்தின் தேசிய ஆணையராகத் திகழ்ந்தவர் லட்சுமி மஜூம்தார் என்னும் பெண்மணி என்பதும் குறிக்கத்தக்கது.

இனிப் பெயர்களைப் பற்றிச் சற்றுப் பேசுவோம். மொழி ஆசிரியனுக்கு அதில் ஓர் ஆசை. பத்து வயதுக்குட்பட்ட சிறுமியர் பிரிவுக்கு இந்தியாவில் ‘பிரௌனி’ பொருந்தவில்லை. முதலில் ‘நீலப்பறவை’ என்றனர். பின்னர் ‘புல்புல்’ என்றனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘நீலப்பறவையர்’ என்னும் பழம்பெயரே நிலைத்தது. பாரசீகக் கவிஞர்கள் ரோஜாவின் காதலனாகப் பாடிய வேறொரு பறவையின் பெயரைத் தாங்கிய புல்புல் நம் தோட்டங்களில் சின்னான் என்றும் கொண்டைக்குருவி என்றும் பறந்து திரிகிறது. அதன் உடலில் நீலம் மருந்துக்கும் இல்லை! அரபு நாடுகளிலோ இதே சிறுமியரை ‘ஸஹ்ராத்’, அதாவது மலர்கள் என்பர். லண்டன் சிறுமியர் மறுத்த மலர், அரபுச் சிறுமியர்க்கு உவப்பாயிற்று. வளர்ந்த பெண்களுக்கு அரபியர் தந்த பெயர் இன்னும் சிறப்புடையது. ஆண் சாரணரைக் ‘கஷ்ஷாஃப்’, மறைந்ததைத் துலக்குபவன் என்றனர். சாரணியை ‘முர்ஷிதா’ என்றனர். ஆன்மிக வழிகாட்டியான முர்ஷிதை நம் இல்லங்களில் அறியாதார் யார்? பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அச்சொல்லின் பெண்பாலைச் சூட்ட அரபியர் தயங்கவில்லை. நம் தமிழ்ச் சொல்லுக்கும் இத்தகைய மேன்மை உண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளுக்கு அறம் உரைக்க வரும் துறவியர் சாரணரே.

இனித் தாய்மாரின் ஐயங்கள். உடை பற்றியதே முதன்மையானது. சீருடையில் சல்வார் கமீஸுக்கும் இடமுண்டு. தலைவியர் சேலை உடுத்தலாம். உறுதிமொழியில் முதற்கடமை இறைவனுக்கே. சாரணர் இடக்கையால் கைகுலுக்குவதைக் கண்டு சிலர் முகம் சுளிக்கின்றனர். ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்கள் கேடயம் ஏந்தும் இடக்கையை நீட்டி நம்பிக்கை காட்டினர் என்று அவ்வழக்கத்திற்குச் சாரணர் ஏடுகள் ஒரு கதை சொல்லும். அது ஓர் இயக்கத்தாரின் அடையாளக் குறியே. உண்பதற்கும் கொடுப்பதற்கும் வலக்கை என்னும் பழக்கத்தை அது மாற்றிவிடுவதில்லை. ஸலாம் உரைப்பதையும் தடுப்பதில்லை. இதற்காகப் பிள்ளையை நிறுத்துவது மிகை என்பதே நம் கருத்து.

வேறொன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்தில் புகுந்தது. தெற்கே பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் புகுந்தது. தமிழ் முஸ்லிம்களின் பேரூர்களுட் பல கடலோரத்தில் இருப்பவை. கடலுக்குப் பிள்ளைகளாகிய நம்மில் நீந்தத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? கயிற்றை அவிழாத முடிச்சாகக் கட்டவும், குருதி ஒழுகும் காயத்தை அழுத்திக் கட்டவும், கூட்டத்தில் குழந்தையைத் தவறவிடாமல் வரிசையாக அழைத்துச் செல்லவும் அறிந்தவர் எத்தனை பேர்? சாரணியம் கற்பிக்கும் கலைகள் இவையே. அன்று நம் நாட்டவர்க்கு ஆட்சியாளர் வெளியிலிருந்து பூட்டிய கதவை இன்று நாமே உள்ளிருந்து தாழிடுவதில் பொருளில்லை.

நீலப்பறவையர் கூட்டம் நடத்துவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அறுவர் அறுவராக அணி பிரித்து இருபத்துநான்கு சிறுமியர் வரை ஒரு கூட்டம். வாரம் ஒருமுறை கூடினால் போதும். குருளையராகிய சிறுவர்க்கு மௌக்லியின் காட்டுக் கதை இருப்பதுபோல், இவர்களுக்குத் தாரா என்னும் சிறுமியின் கதை உண்டு. கதையும் விளையாட்டும் கைவேலையுமாகப் பொழுது போகும். தேறியவர்க்கு இறகுகளின் பெயரால் படிகள்: மென்மையிறகு, வெள்ளியிறகு, பொன்னிறகு, வைரவிறகு. அணியின் தலைவியாகத் தன்னையொத்த ஐவரைப் பொறுப்பேற்கும் எட்டு வயதுச் சிறுமியைப் பார்த்தவர்கள் அவள் முகத்தை மறக்கமாட்டார்கள்.

சிறுமியரைத் திரட்டுவது கடினமன்று. மாலையில் ஓத வரும் பிள்ளைகளே ஒரு தெருவில் அத்தனை பேர் இருப்பர். அரிதாவது தலைவியே. அவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். சில நாட்கள் தங்கி அடிப்படைப் பயிற்சி பெற்று வருதல் வேண்டும். நம் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியைகளுள் அதற்கு விருப்பமுள்ளோர் உண்டு. அச்சில நாட்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர்தம் கணவரும் மாமியாரும் இசைவார்களா என்பதையே இனி அறிய வேண்டும்.